வெறும் போத்தல் திரும்பி வரும் வழி



‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்ற சொல்லை இப்போது பயிற்சிப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கின்றோம். பெரிய நிறுவனங்களுக்குரிய சொல் போலத் தோன்றினாலும் அதன் கருத்து எளிமையானது. ஒரு பொருளை வாங்கி, பாவித்து, எறிந்துவிடுவதோடு அதன் பயணம் முடிந்துவிடக் கூடாது. அது மீண்டும் பாவனைக்கு வர வேண்டும். எறியப்படும் பொருள் எங்கேயோ மறைந்துவிடுவதில்லை. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிந்தது ஏழைகளின் வீடுகள் மீதுதான்.

கிளிநொச்சி மாவட்டத்தில் நாம் 22 பெண்கள் சேர்ந்து ஒரு சிறிய உற்பத்தி நிலையத்தை நடத்துகின்றோம். நெல்லிரசம், மாம்பழ ஜாம், தேசிக்காய் ஊறுகாய் என்பன எமது உற்பத்திகள். எம்மில் அரைவாசிக்கு மேற்பட்டோர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். 2010 இல் மீள்குடியேறிய பின்னர் தறப்பாள் கொட்டில் ஒன்றில் தொடங்கிய வேலை இது. கொள்வனவும் களஞ்சியமும் எனது பொறுப்பு. எமது வழங்கல் சங்கிலியை, அதாவது பொருள் வரும் வழியையும் போகும் வழியையும், நாம் எவ்வாறு மாற்றினோம் என்பதை உங்களுடன் பகிர்ந்துகொள்கின்றேன்.

நெருக்கடியும் ஒரு கொப்பியும்

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாய் வரை ஏறியது. போத்தல், மூடி, சீனி, டீசல் எல்லாவற்றின் விலையும் கூடவே ஏறின. நெல்லிரசத்தில் ரசத்தை விடப் போத்தலுக்கும் மூடிக்குமே கூடுதலாகச் செலவாகியது. விலையை உயர்த்தினால் வாங்குவார் இல்லை. வேலை நாட்களைப் பாதியாகக் குறைப்பதா, நிலையத்தை மூடுவதா என்று பேச வேண்டிய நிலை.

அப்போது நான் ஒரு கொப்பியில் நான்கு நிரல்கள் போட்டேன். என்ன வந்தது? என்ன விலை? எங்கே போனது? திரும்பி வருமா? ஒரு மாதம் எல்லாவற்றையும் எழுதினேன். மாத முடிவில் மூன்று பொருள்கள் தெளிவாகத் தெரிந்தன: போத்தல்கள், தோலும் கொட்டையும், பழம் வரும் சாக்குகள். காசு கொடுத்து வாங்கியவற்றில் பெரும் பங்கு இந்த மூன்றின் வழியாகவே வெளியே போய்க்கொண்டிருந்தது.

போத்தலுக்குக் கூலி

சோடாப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துக் காசைப் பெற்ற பழக்கம் எம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எமது போத்தலையும் அவ்வாறு மீளப் பெறலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். மூத்த உறுப்பினரான ஓர் அம்மா, “பிள்ளை, சும்மா கேட்டால் சனம் தராது. காசு தாறம் எண்டு சொல்லு, கொண்டுவந்து தரும்” என்றார். அவர் சொன்னதையே திட்டமாக்கினோம்.

போத்தலுக்கு 20 ரூபாய் வைப்பாக விலையில் சேர்த்தோம். வெறும் போத்தலைத் தருபவருக்கு அந்த 20 ரூபாய் திரும்பக் கிடைக்கும். ஆனால் கடைக்காரர்கள் தயங்கினார்கள். வெறும் போத்தல் இடத்தைப் பிடிக்கும், எறும்பு வரும் என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயமே. ஆகவே கடைக்கும் போத்தலுக்கு 5 ரூபாய் ஒதுக்கினோம். மூடியுள்ள பெட்டி ஒன்றும் கொடுத்தோம். பொருள் கொண்டுபோகும் முச்சக்கரவண்டி முன்னர் வெறுமையாகவே திரும்பி வந்தது. இப்போது அதே பெட்டிகளில் போத்தல்களுடன் வருகிறது. கழுவும் இரு பெண்களுக்குப் போத்தல் கணக்கில் கூலி. இவ்வளவும் கொடுத்த பின்னரும் புதிய போத்தலை விடச் செலவு குறைவுதான். கண்ணாடியை உருக்க ஏறக்குறைய 1,500 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். கழுவுவதற்கு ஒரு அடுப்பு போதும்.

உணவுப் பொருள் என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டே தொடங்கினோம். எமது ஒழுங்குகள் இவை:

• எமது போத்தலை மட்டுமே எடுப்போம். மண்ணெண்ணெயோ மருந்தோ மணந்தால் கழுவிப் பார்ப்பதில்லை, ஒதுக்கிவிடுவோம்.

• வாய் விளிம்பில் விரலால் தடவாமல், வெளிச்சத்தில் பிடித்து உடைவு, வெடிப்பு பார்ப்போம்.

• சவர்க்கார நீரில் கழுவி, பச்சைத் தண்ணீரில் வைத்துத் தண்ணீரோடு சேர்த்துச் சூடாக்குவோம். கொதிநீரில் திடீரென இட்டால் கண்ணாடி வெடிக்கும். கொதித்த பின்னர் 10 நிமிடம் விடுவோம்.

• மூடி எப்போதும் புதியது. பழைய மூடி இறுக்கமாக மூடாது; காற்றுப் புகுந்தால் உணவு பழுதாகும்.

தோல் உரமாகியது

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டாலும் உரவிலை விவசாயிகளுக்கு எட்டாததாகவே இருந்தது. நாமோ மாம்பழத் தோலைக் கிடங்கு வெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தோம். அத்தோலில் கூட்டெரு செய்யத் தொடங்கினோம்.

ஈரமான தோல் ஒரு பங்கு, காய்ந்த சருகும் வைக்கோலும் இரண்டு மூன்று பங்கு, இடையிடையே மாட்டெரு. பத்து நாளுக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், நீர் சொட்டக் கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அறிந்து சருகு சேர்க்க வேண்டும். தேசிக்காய்த் தோல் புளிப்புடையது. அதைச் சிறிது சிறிதாகவே கலக்கலாம். மாங்கொட்டை உக்க நாளெடுக்கும். அதனைக் காயவைத்து அடுப்புக்கு எடுக்கின்றோம்.

இந்த எருவை எமக்குப் பழம் தரும் வீட்டுத் தோட்டக்காரப் பெண்களுக்கே கொடுக்கின்றோம். பழத்தின் விலையில் ஒரு பகுதியை எருவாகப் பெற அவர்கள் விரும்பினார்கள். காசாகவே வேண்டும் என்பவருக்குக் காசுதான். அதில் வற்புறுத்தல் இல்லை.

சாக்கும் கூடையும்

பழம் பெரும்பாலும் பழைய உரச் சாக்குகளில் வந்தது. உணவுக்கு அது பொருந்தாது, அடிப்பழமும் நசியும். பிளாஸ்டிக் கூடைகளுக்கு மாற எண்ணியபோது ஒரு பழைய நிகழ்வு நினைவுக்கு வந்தது. 2011 டிசம்பரில் மரக்கறியையும் பழத்தையும் பிளாஸ்டிக் கூடைகளிலேயே ஏற்ற வேண்டும் என அரசு விதித்தபோது விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்தனர். கூடையை யார் வாங்குவது, லொறியில் அது பிடிக்கும் இடத்துக்கு யார் பொறுப்பு என்பன கேள்விகளாயின.

ஆகவே கூடைகளை நிலையமே வாங்கியது. ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதினோம். பழத்துடன் ஒரு கூடை வந்தால் வெறுங்கூடை ஒன்று போகும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கக்கூடிய கூடை என்பதால் திரும்பும்போது சிறிய இடமே போதும்.

கூலி இல்லாத வேலை வேண்டாம்

மீளப் பாவித்தல் எமக்குப் புதியதல்ல. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் பஞ்சும் நூல்திரியும் வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்தோம். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் அது இல்லாமையால் வந்த சிக்கனம். தேடியதும், கழுவியதும், காத்ததும் பெண்கள். அதற்குக் கூலி என்று எவரும் எழுதவில்லை.

இன்று நாம் செய்வது திட்டமிட்ட வேலை. சேர்ப்பவர், வைத்திருப்பவர், ஏற்றிவருபவர், கழுவுபவர் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஒருவரின் பங்கை நிறுத்தினாலும் வட்டம் அந்த இடத்தில் அறுந்துவிடும். ‘சூழலுக்கு நல்லது’ என்று சொல்லிப் பெண்களின் உழைப்பை இலவசமாகக் கேட்கும் திட்டம் எதுவாயினும், கூலி யார் தருவது என்று முதலில் கேளுங்கள்.

எமது போத்தல்கள் எல்லாமே திரும்புவதில்லை. பத்துக்கு ஆறு வருகின்றன. சில வீடுகளில் அவை உப்புப் போத்தலாகவும் மிளகாய்த்தூள் போத்தலாகவும் இருக்கின்றன, அதுவும் பயன்தானே. அந்த ஆறு போத்தல்களில் மிஞ்சிய காசு, எவரையும் நிறுத்தாமல் 2022 ஐக் கடக்க எமக்கு உதவியது.

உங்கள் சங்கத்திலும் ஒரு கொப்பி எடுங்கள். நான்கு நிரல்கள் போடுங்கள். ஒரு மாதம் எழுதிய பின்னர், கூடிய காசுடன் வெளியே போகும் ஒரே ஒரு பொருளைத் தெரிவுசெய்து, அது திரும்பி வரும் வழியையும் அவ்வழியில் நிற்பவர்களின் கூலியையும் எழுதுங்கள். அது ஒழுங்காக நடந்த பின்னர் இரண்டாவதைத் தொடங்கலாம்.