குடும்ப வரலாற்று மென்பொருளில் பழைய ஊர்ப்பெயர்கள்

குடும்ப வரலாற்று மென்பொருள்கள் பிறப்பு, திருமணம், இறப்பு ஒவ்வொன்றுக்கும் தேதியையும் இடத்தையும் கேட்கின்றன. தேதியை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் பிறகு மாறாது. இடம் அப்படியல்ல. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கும். அது சேர்ந்த வட்டமும் மாவட்டமும் மாநிலமும் மாறிக்கொண்டே வரும்.

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் உள்ள பாடாலூரை எடுத்துக்கொள்ளலாம். 1940இல் அங்கே பிறந்தவரின் ஊர் திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலும் சென்னை மாகாணத்திலும் இருந்தது. 1960இல் பிறந்தவருக்கு மாவட்டம் அதுவே. ஆனால் மாகாணம் போய்ச் சென்னை மாநிலம் வந்திருந்தது. 1969 ஜனவரி 14 முதல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு. 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது பாடாலூர் புதிய பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போனது. வட்டமும் நிலைக்கவில்லை: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குன்னம் வட்டத்தில் இருந்த ஊர் இப்போது ஆலத்தூர் வட்டத்தில் இருக்கிறது.

பக்கத்து அரியலூரின் கதை இன்னும் சிக்கலானது. 1995 வரை திருச்சி மாவட்டத்திலும் பிறகு பெரம்பலூர் மாவட்டத்திலும் இருந்த அந்த ஊர், 2001 ஜனவரி 1இல் தனி மாவட்டத்தின் தலைநகரானது. 2002 மார்ச் 31இல் அந்த மாவட்டம் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23இல் இரண்டாம் முறையாகப் பிறந்தது. 1956 நவம்பர் 23 அரியலூர் ரயில் விபத்தில் இறந்த ஒருவரின் பதிவில் ‘அரியலூர் மாவட்டம்’ என்று எழுதினால் அது தவறு. அந்த மாவட்டம் உருவாக அப்போது இன்னும் 44 ஆண்டுகள் இருந்தன.

இந்தத் தவறு தேடும் வழியையே திசைதிருப்பிவிடும். பழைய ஆவணங்கள் பெரும்பாலும் அவை எழுதப்பட்ட காலத்து நிர்வாகப் பிரிவின்படியே அடுக்கப்பட்டிருக்கும். 1930களின் பதிவேடுகளில் பெரம்பலூர் மாவட்டம் என்று தேடினால் எதுவும் கிடைக்காது. டிரிச்சினாப்பொலி என்ற அன்றைய ஆங்கில எழுத்தில் தேட வேண்டும். அதற்காக இன்றைய முகவரியை விட்டுவிடவும் முடியாது. அது இல்லாவிட்டால் ஊருக்குப் போய்ப் பார்க்க விரும்பும் பேரப்பிள்ளைக்கு வழி தெரியாது.

கடல் கடந்த குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். 1860 முதல் 1911 வரை 1,52,184 இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. கிராமத்தின் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். இன்று சொந்த ஊரைத் தேடும் கொள்ளுப்பேரர்களுக்குப் பல சமயம் அந்த மூன்று சொற்களே துப்பு. அவற்றை ‘திருத்தி’ப் பதிந்தால் துப்பே அழிந்துபோகும்.

மென்பொருள்கள் இதை மூன்று வகையில் கையாள்கின்றன. மென்பொருள்களுக்கிடையே தரவைப் பரிமாறப் பயன்படும் ஜெட்காம் வடிவத்தில் இடம் என்பது ஒவ்வொரு நிகழ்வோடும் சேர்ந்த ஒரு வரி: சிறிய பிரிவில் தொடங்கிப் பெரியதுவரை, காற்புள்ளியிட்டு எழுதப்படுவது. அட்சரேகை, தீர்க்கரேகையையும் அதோடு சேர்க்கலாம். ஃபேமிலிசர்ச் தளம் பயனர் எழுதியதை அப்படியே வைத்துக்கொண்டு, தன் பட்டியலில் உள்ள தரப்படுத்திய இடம் ஒன்றையும் அதோடு இணைக்கிறது. இலவச மென்பொருளான கிராம்ப்ஸ் ஒரு படி மேலே போகிறது. அதில் ஊர், வட்டம், மாவட்டம், மாநிலம் ஒவ்வொன்றும் தனிப் பதிவு. பாடாலூரை ஒருமுறை பதிந்து, ‘1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள், அதன் பின் பெரம்பலூர் மாவட்டத்துள்’ என்று கால வரம்போடு இணைக்கலாம். ஒரே இடத்துக்குப் பல பெயர்களையும் அவை வழங்கிய காலத்தோடும் மொழியோடும் சேர்க்கலாம். நிகழ்வின் தேதியைப் பார்த்து, அந்த ஆண்டுக்குரிய முகவரியை மென்பொருளே காட்டும்.

இதில் ஒரு குறையும் உண்டு. கிராம்ப்ஸ் தரவை ஜெட்காமாக ஏற்றுமதி செய்தால் அந்தந்த நிகழ்வின் முகவரி வரி மட்டுமே போகும். கால வரம்புகளின் முழு அமைப்பு போகாது. ஆகவே கிராம்ப்ஸின் சொந்த வடிவிலும் ஒரு படி எடுத்து வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டு ஆவணங்களுக்கென்று சில கவனங்கள் தேவை. கிரயப் பத்திரங்களில் வரும் பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல. இரண்டின் எல்லையும் எப்போதும் பொருந்துவதில்லை. பத்திரத்தில் வருவது வருவாய் கிராமத்தின் பெயராக இருக்கும். குடும்பம் வாழ்ந்ததோ அதைச் சேர்ந்த குக்கிராமத்தில், அதாவது மஜராவில் இருக்கலாம். வருவாய்க் கணக்கில் பாடாலூரே கிழக்கு, மேற்கு என்று இரண்டாக இருக்கிறது. ஆலத்தூர், புதூர், நல்லூர் போன்ற பெயர்கள் பல மாவட்டங்களில் உண்டு என்பதால் வட்டத்தின் பெயர் இல்லாத பதிவு பயன்படாது. ஆங்கில எழுத்துக்கூட்டலையும் நம்ப முடியாது. 2020இல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றித் தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டது. சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ஆகவே முதன்மைப் பெயரைத் தமிழில் எழுதி, ஆங்கில வடிவங்களை மாற்றுப் பெயர்களாகச் சேர்ப்பது நல்லது.

நிர்வாகப் பெயர் மாறுவது புதிதுமல்ல. சோழர் கல்வெட்டுகள் வளநாடு, நாடு, ஊர் என்று பெரியதிலிருந்து சிறியதாக இடத்தைக் குறித்தன. வளநாடுகளுக்கு அரசர்களின் பட்டப்பெயர்கள் இடப்பட்டதால் ஆட்சி மாறியபோது அவையும் மாறின. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் பல வளநாடுகள் புதுப்பெயர் பெற்றன.

நடைமுறையில் வேலை மூன்று படிகளில் முடியும். ஆவணத்தில் உள்ள இடப்பெயரை எழுத்துக்கூட்டல் மாறாமல் குறிப்பில் படியெடுக்க வேண்டும். நிகழ்வின் ஆண்டுக்குரிய வட்டம், மாவட்டம், மாநிலத்தோடு இடத்தை இணைக்க வேண்டும். பாடாலூருக்குச் சுமார் 11.1 பாகை வடக்கு, 78.8 பாகை கிழக்கு என்பதுபோல வரைபடப் புள்ளியையும் இன்றைய முகவரியையும் சேர்க்க வேண்டும். ஆவணம் ‘திருச்சி ஜில்லா’ என்று மட்டும் சொன்னால் பதிவும் அதோடு நிற்க வேண்டும். ஊரை ஊகித்து எழுதினால், அடுத்த தலைமுறை அதை ஆதாரமுள்ள செய்தி என்றே எடுத்துக்கொள்ளும்.