விமானப் போதனாசிரியர்: ஊதியமும் உயர்வும்

ஒரு தொழிலின் சிறப்பை அதனால் வரும் ஊதியங்கொண்டு மாத்திரம் அளவிடுதல் பொருந்தாது. ஊதியத்தை அறவே நோக்காது தொழிலை ஆராய்தலும் முறையன்று. ஆசிரியத் தொழிலைப் புகழ்ந்து பேசுவோர் பெரும்பாலும் முன்னதை விரித்துரைத்துப் பின்னதை மறந்துவிடுவர். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குதற்கு ஏற்றதொரு வகுப்பறை உண்டு. அதிலே இருக்கைகள் இரண்டு, மாணவன் ஒருவன், ஆசிரியர் ஒருவர். மாணவன் பிழை செய்யின் ஆசிரியர் உயிரும் அவனுயிரோடு சேர்ந்து ஊசலாடும். பறத்தலைக் கற்பிக்கும் விமானப் போதனாசிரியரின் வகுப்பறையே அது. இத்தொழில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிகப் பரந்து வளர்ந்துள்ளது. ஆதலின், அந்நாட்டு நிலையையே ஈண்டு ஆராய்வாம்.

பறக்கத் தெரிந்த எவரும் பறத்தலைக் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் தொடக்க காலத்தில் இருந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அது மாறத் தொடங்கிற்று. 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொஸ்போட் என்னுமிடத்தில் ரொபேட் சிமித்-பாரி என்பார் புதியதொரு போதனா முறையை வகுத்தார். ஆசிரியரும் மாணவரும் தனித்தனியே இயக்கத்தக்க இரட்டைக் கட்டுப்பாடுடைய விமானத்தை அவர் பயன்படுத்தினார். இயந்திர இரைச்சலுக்கிடையே மாணவன் செவியிற் பேசுதற்கு ஒரு குழாயையும் அமைத்தார். ஆபத்தான நிலைகளைத் தவிர்க்குமாறு சொல்வதோடு நில்லாது, அந்நிலைகளுட் சென்று மீளும் வகையையே பழக்குதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. கற்பித்தல் என்பது பறத்தலின் வேறான ஒரு கலை என்பதை அவர் இவ்வாறு நிலைநாட்டினார்.

இன்று அமெரிக்காவில் இத்தொழிலை மேற்கொள்வோர் 18 வயது நிரம்பியவராதல் வேண்டும். வர்த்தக விமானிக்குரிய சான்றிதழும், கருவிகளை மாத்திரம் நோக்கிப் பறத்தற்குரிய தகுதியும் அவர்க்கு வேண்டும். வர்த்தகச் சான்றிதழ் பெறுதற்குப் பொதுவாக 250 மணித்தியாலப் பறப்பு அநுபவம் தேவை. இவற்றுக்கு மேலாகக் கற்பித்தற் கோட்பாடுகள் பற்றிய எழுத்துப் பரீட்சையும், வானிலே நிகழும் செயன்முறைப் பரீட்சையும் உள. இவற்றை யெல்லாம் முடிக்குமுன் பல பதினாயிரம் டொலர் செலவாகிவிடும். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் நீங்கலாக ஏனையோர் கடனாளிகளாகவே இத்தொழிலுட் புகுகின்றனர்.

இனி, ஊதியத்தை நோக்குவாம். பெரும்பாலான பறப்புப் பள்ளிகளில் மாதச் சம்பளம் இல்லை. கற்பித்த மணித்தியாலத்துக்கே கூலி. மாணவனிடம் ஆசிரியருக்கென அறவிடப்படுந் தொகையில் ஒரு பகுதியைப் பள்ளி எடுத்துக்கொள்வதுமுண்டு. மழை பெய்தால் வகுப்பில்லை. பனிமூட்டம் இருந்தால் வகுப்பில்லை. விமானம் பழுதுற்றாலும், மாணவன் வாராதொழிந்தாலும் வகுப்பில்லை. வகுப்பில்லையாயிற் கூலியுமில்லை. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். மணித்தியாலத்துக்கு 30 டொலர் பெறும் ஒருவர் மாதம் 160 மணித்தியாலம் பள்ளியிற் காத்திருந்து, 60 மணித்தியாலமே கற்பிக்க நேர்ந்தது என வைத்துக்கொள்வோம். அவர் பெறுவது 1,800 டொலர். காத்திருந்த நேரத்தையுஞ் சேர்த்து வகுத்தால் மணித்தியாலத்துக்குப் 11 டொலர் சொச்சமே தேறும். அதிகம் உழைத்து ஈடுசெய்யலாமெனின், 24 மணித்தியாலத்துள் 8 மணித்தியாலத்துக்கு மேல் விமானத்திற் கற்பித்தலாகாது என்பது சட்டம்.

அங்ஙனமாயின் இத்தொழிலை ஏன் விரும்பி வருகின்றனர்? ஈண்டே இதன் உள்ளுறை புலனாகும். போதனாசிரியர் பெறும் ஊதியம் இரு வகைத்து. ஒன்று டொலர், மற்றொன்று மணித்தியாலம். மாணவனுக்குக் கற்பிக்கும் நேரத்தைத் தாமே விமானத்தை நடத்திய நேரமாகத் தமது பறப்பேட்டிற் பதிந்துகொள்ளச் சட்டம் இடமளிக்கின்றது. பணங்கொடுத்துப் பெறவேண்டிய அநுபவத்தைப் பணம் பெற்றுக்கொண்டே ஈட்டும் வழி இது.

இவ்வழியின் மதிப்பை உயர்த்தியது ஒரு பெருந்துயரம். 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி இரவு, நியூவாக்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கொல்கன் விமான நிறுவனத்தின் விமானமொன்று இறங்கு முன் வீழ்ந்தது. அதிலிருந்த 49 பேரும் நிலத்திலிருந்த ஒருவரும் மாண்டனர். உற்றாரை இழந்தோர் விடாது முயன்றதன் பயனாக 2010இல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன் விதிகள் 2013இல் நடைமுறைக்கு வந்தன. முன்னர் 250 மணித்தியால அநுபவத்தோடு பயணிகள் விமானத்தில் துணைவிமானியாக அமரக்கூடியவர், இனிப் பொதுவாக 1,500 மணித்தியாலம் பெற்றிருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. குறித்த பட்டப்படிப்பை முடித்தோர்க்கு 1,000 எனவும், இராணுவ விமானிகளுக்கு 750 எனவும் சலுகையுண்டு. இடைப்பட்ட 1,250 மணித்தியாலத்தைச் சாதாரண இளைஞன் எங்கே ஈட்டுவான்? மாதம் 60 மணித்தியாலம் கற்பித்தால் ஏறத்தாழ 21 மாதத்தில் ஈட்டிவிடலாம். முன்னரே ஏணிப்படியாயிருந்த போதனாசிரியப் பதவி இதனாற் பலர்க்குத் தவிர்க்கவொண்ணாப் படியாயிற்று.

ஏணியின் மேற்படியோ கவர்ச்சி மிக்கது. 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸின் துணை நிறுவனங்கள் மூன்று, முதலாண்டுத் துணைவிமானிக்கு மணித்தியாலத்துக்கு 90 டொலர் வழங்க முன்வந்தன. அங்கே மாதந்தோறும் குறித்த மணித்தியாலங்களுக்கு ஊதியம் உறுதியாக உண்டு. எனினும் இவ்வேணி எப்பொழுதும் ஒரே நிலையில் நிற்பதன்று. 2020இற் பெருந்தொற்றுப் பரவியபோது நிறுவனங்கள் ஆட்சேர்ப்பை நிறுத்தின. 2022இற் போட்டியிட்டுச் சேர்த்தன. 2024இல் வேகங் குறைந்தது. மேலே கதவு மூடப்படும் ஒவ்வொரு முறையும் கீழ்ப்படியில் நெரிசல் மிகும்.

இதனால் விளைவது யாது? கற்பிக்கத் தொடங்கும்போது ஆசிரியர் அநுபவமற்றவர். கற்பித்தலில் தேர்ச்சி பெறும் வேளையில் அவர் புறப்பட்டுவிடுகிறார். நன்னூலார் தகுதியற்ற ஆசிரியர்க்குக் கூறிய உவமைகளுள் முடத்தெங்கும் ஒன்று. ஒருவர் நீர்வார்த்து வளர்த்த தென்னை வேலிக்கப்பாற் சாய்ந்து அயலான் வளவிலே காயை உதிர்ப்பதை நம்மவர் நன்கறிவர். பறப்புப் பள்ளியின் நிலையும் அத்தகையதே. வளர்த்தது பள்ளி, பயன் கொள்வது விமான நிறுவனம். ஆயின் இங்கே குற்றம் மரத்தினதன்று. வேர்விட்ட மண்ணில் ஈரமில்லாதபோது மரம் ஈரமுள்ள பக்கஞ் சாய்தல் இயல்பேயாம்.

நிலைத்து நின்று கற்பிப்போரும் இல்லாமலில்லை. பள்ளியைச் சாராது தனித்துக் கற்பிப்போர் கட்டணம் முழுவதையும் தாமே பெறுவர். சாகசப் பறப்பு, மலைப்பறப்பு முதலியவற்றில் வல்லுநரானோர் நல்ல கட்டணம் பெறுவர். பல்கலைக்கழகப் பறப்புத் துறைகளில் மாதச் சம்பளப் பதவிகள் உள. அரசின் நியமனம் பெற்று மாணவரைப் பரீட்சிக்கும் பரீட்சகராக உயர்தலுங் கூடும். இவ்விடங்கள் சிலவே.

பஃபலோ விபத்துக்கு மீண்டும் வருவோம். வேகங் குறைந்து இறக்கைகள் தூக்குவிசையை இழக்கவிருந்த வேளையில், கைப்பிடியை அதிரச்செய்து கருவி எச்சரித்தது. அப்போது கைப்பிடியை முன்னே தள்ளி விமானத்தின் மூக்கைத் தாழ்த்துதல் வேண்டும். தலைமை விமானி பின்னே இழுத்தார் என விசாரணையிற் புலனாயிற்று. அவரும் துணைவிமானியும் 1,500 மணித்தியாலத்துக்கு மேற் பறந்தவர்களே. எனவே அவ்விரவிற் குறைந்தது மணித்தியாலத் தொகையன்று. மூக்கைத் தாழ்த்துக என்னும் அப்பாடமோ, இரண்டிருக்கை விமானத்தில் ஏறிய புதிய மாணவனுக்குப் போதனாசிரியர் தொடக்கத்திலேயே கற்பிக்கும் பாடம். அச்சம் வந்தவிடத்தும் கை தானே முன் செல்லுமாறு அப்பாடம் பதிதல் வேண்டும்; அவ்வாறு பதிப்பதற்குப் பொறுமையும் பயிற்சியும் உடைய ஆசிரியர் வேண்டும்.

மணித்தியாலங்களை எண்ணுதல் எளிது. அவை எத்தகைய ஆசிரியரிடம் கழிந்தன என அளத்தல் அரிது. சட்டம் எளிதானதை எடுத்துக்கொண்டது. கற்பித்தலையே வாழ்நாட் பணியாகக் கொள்ள விரும்பும் ஒருவர் கடனின்றிக் குடும்பம் நடத்தத்தக்க ஊதியத்தைப் பெறும்வரை, பறத்தலின் முதற் பாடத்தை விடைபெறக் காத்திருப்போரே கற்பித்து வருவர். விமானியாக விழையும் நம் மாணவரும் இதனை உளங்கொள்ளுதல் நன்று. பள்ளியைத் தெரியும்போது விமானங்களின் தொகையை மாத்திரம் வினவாது, ஆங்குள்ள ஆசிரியர் எத்தனை ஆண்டு நிலைக்கின்றனர் என்பதையும் வினவுவாராக.