இரண்டு நாள் பிந்தி வந்த சம இரவு

மார்ச் 20 அல்லது 21இல் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வருகிறது; அதுவே வசந்த சம இரவு நாள். மேலை நாடுகளில் பலர் வசந்தத்தை அன்றிலிருந்து எண்ணுகிறார்கள். சீன மரபிலோ அதற்குள் வசந்தம் பாதி முடிந்திருக்கும். அங்கே சூரியனின் ஓராண்டுப் பயணம் 24 கூறுகள். பிப்ரவரி 4 வாக்கில் வசந்தம் பிறக்கும். நான்காவது கூறான சுன்ஃபன் சம இரவு நாளில் தொடங்கும். அந்தப் பதினைந்து நாட்களை ஐந்தைந்தாகப் பிரித்து, முதலில் தகைவிலான் திரும்பும், அடுத்து இடி முழங்கும், பிறகு மின்னல் வெட்டும் என்று குறித்துவைத்தார்கள். ஜப்பான், கொரியா, வியட்நாமுக்கும் இதே கணக்குப் பரவியது.

ஆனால் சுன்ஃபன் நாளைக் கண்டது எப்படி? நட்டுவைத்த கம்பத்தின் நண்பகல் நிழல் மிக நீளும் நாள், குளிர்கால உச்சம். அங்கிருந்து ஆண்டை 24 சம பங்காக்கினார்கள். ஆறு பங்கு கடந்தால், அதாவது 91 நாள் சென்றால், சுன்ஃபன். கணக்கு சரிதான்; வானம் அப்படி நடப்பதில்லை. பூமி குளிர்காலத்தில் சூரியனுக்கு அருகே இருப்பதால் வேகமாக ஓடுகிறது. உண்மையான சம இரவு 89 நாளிலேயே வந்துவிடும். நாள்காட்டியின் சுன்ஃபன் இரண்டு நாள் பிந்தியது.

இதைப் பிடித்தவர் 6ஆம் நூற்றாண்டின் சீன வானியலாளர் ஜாங் ஸிஷின். கலகத்துக்கு அஞ்சித் தீவொன்றில் ஒதுங்கிய அவர், வளையக் கருவி ஒன்றால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வானத்தை அளந்தார். வசந்த சம இரவுக்குப் பின் சூரியன் மெதுவாகவும், இலையுதிர்கால சம இரவுக்குப் பின் விரைவாகவும் நகர்வதைக் கண்டார். தொலைநோக்கி இல்லாத காலத்தில் இந்தப் பொறுமை பெரும் சாதனை.

அவருக்குப் பின் வந்தவர்கள் இந்த வேக மாற்றத்தைக் கிரகணக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். 24 கூறுகளை மட்டும் சமமாகவே விட்டுவைத்தார்கள். அதில் ஒரு வசதி இருந்தது. மாதங்கள் நிலவைப் பின்பற்றுபவை. சுன்ஃபன் எந்த மாதத்தில் விழுகிறதோ அதுவே இரண்டாம் மாதம். கூறுகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக 12 இப்படி மாதங்களுக்கு எண் தருகின்றன. அவற்றில் ஒன்றுகூட விழாத மாதம் அதிக மாதம். சம இடைவெளி சுமார் 30.4 நாள், நிலவு மாதம் 29.5 நாள். எனவே ஒரே மாதத்தில் இரண்டு விழ வழியில்லை. வானத்தின் உண்மையான நடையைப் பின்பற்றினால் குளிர்காலத்தில் அந்தச் சிக்கல் எழும்.

1281இல் நடைமுறைக்கு வந்த, வானியலாளர் குவோ ஷோஜிங்கின் நாள்காட்டி ஆண்டின் நீளத்தை 365.2425 நாள் என்று கொண்டது. மூன்று நூற்றாண்டுக்குப் பின் வந்த கிரிகோரியன் நாள்காட்டியின் சராசரி ஆண்டும் அதுவே. அத்தனை நுட்பமான நாள்காட்டியிலும் கூறுகள் சமமாகவே இருந்தன. 1645இல் சிங் அரசு, ஜெர்மானியப் பாதிரியார் ஆடம் ஷாலின் பணியை ஏற்று, சூரியன் 15 பாகை நகர்ந்தால் ஒரு கூறு என மாற்றிய பிறகே சுன்ஃபன் உண்மையான சம இரவில் அமர்ந்தது. ஜப்பான் 1844இல் மாறியது.

இன்று ஜப்பானில் சம இரவு நாள் தேசிய விடுமுறை. 1948இன் சட்டம் அதற்குத் தேதி எதையும் குறிக்கவில்லை. தேசிய வானியல் ஆய்வகம் கணக்கிட்டுத் தர, அடுத்த ஆண்டுக்குரிய நாளை அரசிதழ் ஒவ்வொரு பிப்ரவரியிலும் அறிவிக்கிறது.