ஞாயிறு வந்தால் நண்பன் வருவான்!

கடல் கடந்து போனவனுக்கு வேலை வேண்டும். சம்பளம் வேண்டும். இந்த இரண்டும் கிடைத்தால் போதுமா? போதாது! "டேய்" என்று உரிமையோடு கூப்பிட ஓர் ஆளும் வேண்டும்.

அந்த ஆளைத் தேடித்தான் சிங்கப்பூரில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் புறப்படுகிறார்கள். ஒரே ஊரில் பிறந்தவர்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இன்று ஒருவர் கப்பல் பட்டறையில் இரும்பு வெட்டுகிறார். இன்னொருவர் அடுக்குமாடி கட்டிடத்தில் கம்பி கட்டுகிறார்.

சின்ன நாடு, நீண்ட பயணம்

சிங்கப்பூர் சின்ன நாடு. சுமார் 730 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சியைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. ஆனாலும் வார நாட்களில் நண்பர்கள் சந்திக்க முடிவதில்லை. ஒருவர் தங்கும் விடுதி மேற்குக் கோடியில், துவாசில் இருக்கும். மற்றவர் விடுதி வடகிழக்கே, பொங்கோலில் இருக்கும். வேலை முடிந்து வந்தால் குளித்து, சாப்பிட்டுப் படுக்கத்தான் நேரம் சரியாக இருக்கும்.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். பலருக்கு அது ஞாயிற்றுக்கிழமை. துவாஸ் லிங்க் நிலையத்தில் ரெயில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் வண்டி மாறினால், லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். நம்மவர்கள் "தேக்கா" என்று சொல்லும் இடம் அதுதான்.

புல்வெளியில் ஒரு கிராமம்

சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோவில் இருக்கிறது. அங்கே ஒரு கும்பிடு. பிறகு வயிறாரச் சாப்பாடு. அப்புறம் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து பேச்சு!

பிரம்பால் அடித்த வாத்தியார், தங்கை கல்யாணம், தீராத கடன் எல்லாம் பேச்சில் வரும். மாலை 6 மணிக்குச் செல்போனில் வீட்டைக் கூப்பிடுவார்கள். அப்போது ஊரில் பிற்பகல் 3.30 மணி. இரண்டு வீட்டாரும் இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகப் பார்ப்பார்கள்.

கைக்கட்டை மறைக்காதே!

இந்தச் சந்திப்பு வெறும் பொழுதுபோக்கு அல்ல. வேலையில் கை நசுங்கியவன், வேலை போய்விடுமோ என்று பயந்து வாயைத் திறக்கமாட்டான். வீட்டுக்கும் சொல்லமாட்டான். ஆனால் பள்ளித் தோழன் கண்ணுக்குக் கைக்கட்டு தப்புமா?

"என்னடா இது? ஏன்டா மறைச்சே?" என்று அவன் கேட்பான். அந்தக் கேள்வியில்தான் வழி பிறக்கிறது.

சிங்கப்பூரில் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. வேலை செய்யும்போது அடிபட்டால், யார் மேல் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்புக்குச் சம்பளம், நிரந்தர ஊனத்துக்குப் பணம் ஆகியவற்றைக் கேட்கலாம். ஆனால் விபத்து நடந்த ஓர் ஆண்டுக்குள் கேட்க வேண்டும். இது தெரியாமல் நாளைக் கடத்தினால் நஷ்டம் யாருக்கு? தெரிந்த நண்பன் பக்கத்தில் இருந்தால் அந்த நஷ்டம் இல்லை.

காயம்பட்டு, வேலை இல்லாமல் நிற்பவர்களுக்கு அதே லிட்டில் இந்தியாவில் தொண்டு நிறுவனம் ஒன்று 2008-ம் ஆண்டு இலவச உணவு கொடுக்கத் தொடங்கியது. பசித்தவனை அங்கே கைபிடித்து அழைத்துப் போவதும் பெரும்பாலும் ஒரு நண்பன்தான்.

பூட்டிய கதவுகள்

2020-ம் ஆண்டு கொரோனா வந்தது. விடுதிகளில் நோய் வேகமாகப் பரவியது. தொழிலாளர்கள் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். பிறகு வேலைக்குப் போக அனுமதி வந்தது; நண்பனைப் பார்க்கப் போக அனுமதி வரவில்லை! 2022-ம் ஆண்டில்தான் கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமையின் அருமை அந்த இரண்டு ஆண்டுகளில் எல்லோருக்கும் புரிந்தது.

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் தாய்மார்கள் பெட்டியில் ஊறுகாய் வைக்கிறார்கள். பருப்புப் பொடி வைக்கிறார்கள். நல்லதுதான். அங்கே இருக்கும் பழைய பள்ளித் தோழனின் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். ஊறுகாய் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். அந்த நம்பர் ஆபத்தில் உதவும்!