ஜரிகைக்குள் கிட்டார், கிட்டாருக்குள் பாவு! தெரியுமா?

ஆரணிப் பட்டுச் சேலையின் ஜரிகை இழை ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் பட்டு, அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பிச் சுற்று, எல்லாவற்றுக்கும் மேலே தங்கப் பூச்சு. சரி, அந்தக் காலத்து ஸ்பானியக் கிட்டாரின் தடித்த மூன்று தந்திகள் எப்படி இருந்தன தெரியுமா? அச்சு அசலாக இதே போல! உள்ளே பட்டு நூல், வெளியே வெள்ளிப் பூச்சிட்ட செம்புக் கம்பி. தங்கம் மட்டும்தான் பாக்கி. மெல்லிய மூன்று தந்திகள் ஆட்டுக் குடலில் முறுக்கியவை. இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்பெல்லாம் காயம் தைக்கப் போய்விட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவரும் கிட்டார் மேதை செகோவியாவும் நைலானைப் பிடித்தார்கள். பட்டுக்கும் அத்தோடு வேலை போயிற்று. ஆனால் முழுக்கப் போகவில்லை! எஃகுக் கம்பியின் மேல் பட்டு இழை போர்த்தி, அதன்மேல் உலோகம் சுற்றிய தந்திகள் இன்றும் கடையில் கிடைக்கின்றன.

இதுவே ஆச்சரியம் என்றால், அடுத்ததைக் கேளுங்கள். மின் கிட்டாரில் வயிறு காலியான ‘ஹாலோபாடி’ வகை ஒன்று உண்டு. 1936-இல் கிப்சன் நிறுவனம் கொண்டுவந்த இ.எஸ்.-150 அதில் பெயர் பெற்றது. ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அதைத் தோளில் மாட்டிய பிறகுதான், ஜாஸ் மேடையில் மூலையில் உட்கார்ந்திருந்த கிட்டார் முன்வரிசைக்கு வந்தது. மேலே வயலினில் இருப்பது போல ‘எஃப்’ வடிவ ஓட்டை இரண்டு. பின்பக்கம் பெரும்பாலும் கதவே கிடையாது! அப்படியானால் வால்யூம் கண்ட்ரோல் பழுதானால் மெக்கானிக் எப்படி உள்ளே கை விடுவார்? விடவே முடியாது. விரல் நுழையவே திண்டாடும் அந்த ஓட்டை வழியாகத்தான் வயர், கண்ட்ரோல், சுவிட்ச், ஜாக் எல்லாம் வெளியே வர வேண்டும், புதியவை உள்ளே போக வேண்டும், ஒவ்வொன்றும் தன் துளையில் சரியாகத் தலை நீட்ட வேண்டும். இருட்டறைக்குள் ஊசி கோக்கும் வேலை!

இதற்குக் கிட்டார் மெக்கானிக்குகள் கண்டுபிடித்த வழிதான் ஆரணிக்காரர்களைத் திடுக்கிட வைக்கும். பழைய கண்ட்ரோலைக் கழற்றும் முன் அதன் தண்டில் ஒரு நூலைக் கட்டிவிடுவார்கள். பழையதை ஓட்டை வழியாக இழுக்கும்போது நூலும் கூடவே வெளியே வரும். மறுமுனை துளைக்கு மேலேயே நிற்கும். வந்த முனையில் புதியதைக் கட்டி, மேலிருந்து இழுத்தால் தன் இடத்துக்குத் தானே வந்து சேரும். தறியில் ஒரு பாவு முடிந்ததும் நம் நெசவாளர் என்ன செய்கிறார்? ஆயிரக்கணக்கான இழைகளை விழுதிலும் அச்சிலும் மறுபடி முதலிலிருந்து கோப்பதில்லை. பழைய பாவின் முனையோடு புதிய பாவின் முனையைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்து, அப்படியே இழுத்துவிடுகிறார். பாவு பிணைக்கிற கை அமெரிக்கக் கிட்டார் பட்டறையில் போய் உட்கார்ந்தால், முதல் நாளே வேலை கொடுத்துவிடுவார்கள் என்பது என் கட்சி.

கெட்டிக்காரர்கள் இன்னொன்றும் செய்வார்கள். கிட்டாரின் துளைகளை அட்டையில் அப்படியே குறித்து, அட்டையிலேயே கண்ட்ரோல்களை மாட்டி, வெளியிலேயே சால்டரிங் முடித்துக்கொண்டு பிறகே உள்ளே அனுப்புவார்கள். உள்ளே போன பிறகு ஈயம் விட்டுப்போனது தெரிந்தால், மறுபடி முதலிலிருந்து!

தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பல ஹாலோபாடி கிட்டார்களில் திருகப்படுவதே இல்லை தெரியுமா? தந்திகளின் அழுத்தம் மட்டுமே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. சாதாரண ஒரு செட் தந்தி, ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 45 கிலோ! ஆறையும் ஒரே மூச்சில் அவிழ்த்தீர்களோ, பிரிட்ஜ் வழுக்கிக்கொண்டு போய்விடும். அப்புறம் கிட்டார் எந்தச் சுருதியிலும் நிற்காது. பன்னிரண்டாவது ஃப்ரெட் ஏறக்குறையத் தந்தியின் நட்டநடுவில் வர வேண்டும் என்பதுதான் கணக்கு. அதனால் பழகியவர்கள் முதலில் பிரிட்ஜின் இரு ஓரமும் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொண்டு, தந்திகளை ஒவ்வொன்றாகத்தான் மாற்றுவார்கள்.

ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் தனித்தனியே திருத்தும் ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் 1954-இல் கிப்சன் கிட்டாரில் ஏறியது. அதன் பின்னால் இருந்தவர் டெட் மெக்கார்ட்டி. தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும், கைப்பிடியை அமுக்கினால் சுருதி அசையும் பிக்ஸ்பி டெயில்பீஸைச் செய்த பால் பிக்ஸ்பியோ மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்தவர்! 1966-இல் அந்தப் பிக்ஸ்பி நிறுவனத்தையே விலைக்கு வாங்கியவர் யார் தெரியுமா? அதே மெக்கார்ட்டி. காலி வயிற்றுக் கிட்டாரில் இந்த டெயில்பீஸை மாட்டும்போது மேல்பலகையில் திருகு போடவே கூடாது. சில மில்லிமீட்டர் தடிமன்தான் அது. அடிப்புறத்தில் உள்ளே ஒரு கட்டை இருக்கும், சுமை முழுவதும் அதில் இறங்க வேண்டும். மறக்கக் கூடாதது எர்த் வயர். மரப் பிரிட்ஜில் அதை இணைக்க வழியில்லை, டெயில்பீஸுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். விட்டுவிட்டால் கொசுக்கூட்டம் போல ஒரு ரீங்காரம், வாசிப்பவரை விடவே விடாது.

உதிரியை மாற்றி வாத்தியத்தையே மாற்றியவர்கள் நம்மிடம் இல்லையா? மாண்டலின் ஸ்ரீநிவாஸ்! இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி இருந்த வாத்தியத்தை, ஐந்து ஒற்றைத் தந்திகளுடைய மின் மாண்டலினாக ஆக்கிக்கொண்டார். கமகம் பேசியது அதற்குப் பிறகுதான். ஆரணிக்குப் பக்கத்து ராணிப்பேட்டைக்காரர் கிட்டார் பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டு மின் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறார். ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியதே, அதற்கு இசையும் அவர்தான்.

மறுபடி நம் கிட்டாருக்கு வருவோம். காலி வயிறு சும்மா இருக்காது. ஸ்பீக்கர் சத்தத்தில் தானும் அதிர்ந்து ஊளையிடும். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் அந்த ‘எஃப்’ ஓட்டைகளில் துண்டைத் திணித்து அடக்கினார். 1980-இல் கிப்சன் அவருக்காகச் செய்த ‘லூசில்’ கிட்டாரில் ஓட்டைகளையே எடுத்துவிட்டார்கள்!

கழற்றிய பழைய பாகங்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஏன் தெரியுமா? தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில், இரைச்சலை அடக்கும் ஹம்பக்கர் வகைக்கு கிப்சன் பொறியாளர் சேத் லவர் 1955-இல் காப்புரிமை கேட்டார், 1959-இல் கிடைத்தது. ‘விண்ணப்பித்துள்ளோம்’ என்ற சின்ன ஸ்டிக்கர் ஒட்டிய அந்தப் பிக்கப்புக்காகச் சேகரிப்பாளர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். பின்னாளில் ஒட்டிய ஸ்டிக்கரில் காப்புரிமை எண் 2,737,842 என்று இருக்கும். தேடிப் பார்த்தால் அது பிக்கப்பின் எண்ணே இல்லை! கிட்டார் கலைஞர் லெஸ் பால் காப்புரிமை வாங்கி வைத்திருந்த டெயில்பீஸின் எண்!