சீன உணவக முறைக் கோழி சமையல்

சீன உணவக முறைக் கோழி சமையல் என்பது, சீன உணவகங்களில் பார்சலாக விற்கப்படும் கோழி உணவுகளின் மென்மையையும் பளபளப்பையும் வீட்டு அடுப்பில் பெறுவதற்கான முறையாகும். முந்திரிக் கோழி, எலுமிச்சைக் கோழி, குங் பாவ் கோழி முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. வீட்டில் செய்யும்போது கோழி ரப்பர் போல ஆகிவிடுவதற்குப் பெரும்பாலும் சாஸ் காரணமன்று. இறைச்சியை அடுப்பில் இடுவதற்கு முன் செய்ய வேண்டிய தயாரிப்பு விடுபடுவதே காரணமாகும்.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவில் தங்கம் கண்டறியப்பட்ட பின், தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து பலர் அமெரிக்காவில் குடியேறினர். சீனர்கள் அங்கு நடத்திய உணவகங்களில் உள்ளூர் மக்களின் விருப்பத்திற்கேற்பச் சுவைகள் மாறின. புகழ்பெற்ற ஜெனரல் சோ கோழியைத் தைவானில் உருவாக்கியவர் ஹூனானைச் சேர்ந்த சமையல் வல்லுநர் பெங் சாங்-குயி. முதலில் இனிப்பில்லாதிருந்த அவ்வுணவு, 1970களில் நியூயார்க் உணவகங்களில் இனிப்புச் சுவை பெற்றது.

இறைச்சியை மென்மையாக்குதல்

கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. சூடேறும்போது அதன் புரதம் இறுகி, உள்ளிருக்கும் நீரை வெளியேற்றுகிறது. இதைத் தடுக்கவே மாவுப்பூச்சு இடப்படுகிறது. சோள மாவும் முட்டையின் வெள்ளைக்கருவும் துண்டுகளைச் சுற்றி மெல்லிய படலமாகி நீரைக் காக்கின்றன. சிறிதளவு சமையல் சோடா, இறைச்சியின் காரத்தன்மையை உயர்த்திப் புரதம் இறுகுவதைக் குறைக்கிறது. சோடா மிகுந்தால் சவர்க்காரச் சுவை வரும்.

செய்முறை

1. எலும்பில்லாத கோழி 500 கிராமை, நார் ஓடும் திசைக்குக் குறுக்காக மெல்லிய துண்டுகளாக நறுக்க வேண்டும்.
2. ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, சோள மாவு 1 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி சேர்த்துப் பிசறி, குளிர்பெட்டியில் 30 நிமிடம் வைக்க வேண்டும்.
3. கொதிநீரில் துண்டுகளை ஏறத்தாழ ஒரு நிமிடம் இட்டு, நிறம் வெளுத்ததும் வடிக்க வேண்டும்.
4. இரும்பு வாணலியை நன்கு காயவைத்து எண்ணெய் ஊற்றி, இஞ்சி, பூண்டு, குடைமிளகாய் வதக்கியபின் கோழியைச் சேர்க்க வேண்டும்.
5. சோயா சாஸ், சிறிது சர்க்கரை, வினிகர், நீரில் கரைத்த சோள மாவு ஆகியவற்றை ஊற்றிக் கிளறினால் சாஸ் கெட்டியாகித் துண்டுகளில் ஒட்டும். வெங்காயத்தாள் தூவி இறக்கலாம்.

நெருப்பின் பங்கு

உணவக அடுப்பின் வெப்பம் வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு அதிகம். வீட்டில் எல்லாக் கோழியையும் ஒரே நேரத்தில் இட்டால் வாணலி குளிர்ந்து, நீர் விட்டு, வறுபடுவதற்குப் பதிலாக வேகத் தொடங்கும். எனவே இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து வதக்குவது நல்லது. சாஸ் பொருள்களை முன்பே கலந்து வைத்தால் தாமதத்தால் கோழி மிகையாக வேகாது.

கவனிக்க வேண்டியவை

கொதிநீரில் இட்ட துண்டுகள் வெளுத்துத் தோன்றினாலும் உள்ளே முழுமையாக வெந்திருப்பதில்லை. உள்வெப்பநிலை 74 பாகை செல்சியசை எட்ட வேண்டும். பச்சைக் கோழியைக் குழாய்நீரில் கழுவினால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சுற்றிலும் தெறிக்கும். கோழி நறுக்கிய பலகையையும் கத்தியையும் கழுவாமல் காய்கறிக்குப் பயன்படுத்தக் கூடாது. சோயா சாஸிலேயே உப்பு மிகுதி என்பதால், சுவை பார்த்த பின்னரே உப்புச் சேர்க்க வேண்டும்.