ராத்திரி நமக்கும் தான்!

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க, கடந்த ஆண்டு போயிருந்தேன். ஒருநாள், இரவு எட்டு மணிக்கு, "கிளம்பும்மா, ஊர் சுத்தலாம்" என்றாள். "இந்நேரத்திலா... பொம்பளைங்க ரெண்டு பேர் தனியாவா?" என்று பதறினேன்.

'கார்டன்ஸ் பை தி பே' பூங்காவில், 25 முதல் 50 மீட்டர் உயர செயற்கை மரங்கள், பாட்டுக்கேற்ப வண்ண விளக்குகளால் ஜொலித்தன. பார்க்க கட்டணம் இல்லை. அடுத்து, 'லாவ் பா சாட்' உணவுக்கூடம். இரவானால், பக்கத்துத் தெருவை மறித்து மேஜை போட்டு, குச்சியில் கோர்த்த கறியை கரியடுப்பில் சுட்டுத் தருகின்றனர்.

பதினோரு மணிக்கு ரயிலில் திரும்பினோம். எதிர் சீட்டில், தனியாக வந்த ஒரு பெண், கைப்பையை மடியில் வைத்தபடி அயர்ந்து தூங்கினாள். எனக்குத் தொண்டை அடைத்தது. டியூஷன் முடிந்து ஏழரைக்கு வந்ததற்காக, இதே மகளை அன்று அடித்தவள் நான்!

தோழியரே... பெண் பிள்ளைகளை வீட்டில் பூட்டுவதை விட, நம் தெருவுக்கு விளக்கும், இரவு பஸ்சும் கேட்டு வாங்கலாமே!

— ஒரு வாசகி, திண்டுக்கல்.